டூயல்ஷாக் 4: இடது கை உறுமல் நின்றுபோன கதை

அக்கா பையன் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது உள்ளே ஏதோ உருண்டது. வெற்றிலைப் பெட்டிக்குள் ஒற்றைப் பாக்கு கிடந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். “மாமா, லெஃப்ட் சைடு ஆடவே மாட்டேங்குது” என்றான். என்னடா ஆச்சு என்றதற்கு “தெரியல, தானா” என்றான். நான் டீ குடித்து முடிப்பதற்குள், மாடிப்படியில் நாலைந்து படி உருண்டு விழுந்தது என்று அவனே சொல்லிவிட்டான்.

சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டியுடன் வந்த டூயல்ஷாக் 4 அது. ஆறு வருடம் உழைத்த கன்ட்ரோலர். பொத்தான், குச்சி, ட்ரிகர் எல்லாம் இன்னும் ஒழுங்காக வேலை செய்கின்றன. விளையாட்டில் மோதல், வெடி வரும்போது கைப்பிடி ஆடுமே, அந்த அதிர்வுக்காக மட்டும் புதிது வாங்க அக்காவுக்கு மனசில்லை. எனக்கோ அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம்.

இந்த மாதிரிப் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அமைப்புகளில் அதிர்வு அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாது என்று பலர் அதை அணைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கே வலது பக்கம் ஆடியது, இடது மட்டும் இல்லை. அதனால் அந்தச் சந்தேகம் தேவைப்படவில்லை.

இடது, வலது என்று அவன் பிரித்துச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஒவ்வொரு மோட்டார். இரண்டும் ஒன்றல்ல. இடது மோட்டாரில் பெரிய எடை. மெதுவாகச் சுற்றிக் கனமாக உறுமும். வலதில் சின்ன எடை. வேகமாகச் சுற்றி மெல்லிசாகக் கிர்ரென்னும். குண்டு வெடிப்பது, வண்டி மோதுவது எல்லாம் இடது கைக்கு வரும். சரளைக்கல் சாலை, துப்பாக்கி ரவை போன்றவை வலது கைக்கு. 1997-இல் வந்த முதல் டூயல்ஷாக்கிலேயே இந்த ஏற்பாடு உண்டு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பக்கமும் அதே வழக்கம்தான். விண்டோஸில் கேம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் எக்ஸ்இன்புட்டில் இடது மோட்டாருக்கும் வலது மோட்டாருக்கும் தனித்தனி எண் கொடுக்க வேண்டும், இரண்டும் 0 முதல் 65535 வரை. ஆக, இடது போய்விட்டால் பாதி விளையாட்டே ஊமையாகிவிட்ட மாதிரி.

பிரிப்பதற்கு முன் என் லினக்ஸ் மடிக்கணினியில் யுஎஸ்பி ஒயரால் இணைத்துப் பார்த்தேன். எஃப்எஃப்டெஸ்ட் என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. அதிர்வைச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்டது. கன்ட்ரோலருக்கு லினக்ஸ் வைத்திருக்கும் ஈவென்ட் எண்ணைக் கொடுத்துவிட்டு 4 அடித்தால் கனமான மோட்டார், 5 அடித்தால் லேசான மோட்டார். நான் அடித்ததும் பிழைச்செய்தி வந்தது. டூயல்ஷாக் 4 லினக்ஸில் ஒரே கருவியாகத் தெரியாது. கன்ட்ரோலர், தொடுபலகை, அசைவு உணரி என மூன்றாகத் தெரியும். நான் தொடுபலகையின் எண்ணைக் கொடுத்து அதை ஆடு ஆடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரியான எண்ணைக் கொடுத்து 5 அடித்தேன். வலது பக்கம் ஆடியது. 4 அடித்தேன். ஆட்டமே இல்லை. ஆனால் கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்டால் உள்ளே கொசு பறப்பது போல ஒரு ரீங்காரம். அந்தக் கொசுதான் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. ஒயர் அறுந்திருந்தால் சத்தமே வராது. போர்டில் மோட்டாரை ஓட்டும் டிரான்சிஸ்டர் போயிருந்தாலும் வராது. மோட்டார் சுற்றுகிறது, கை மட்டும் ஆடவில்லை, கூடவே உள்ளே ஏதோ உருளுகிறது என்றால், எடை கழன்று விழுந்திருக்கிறது.

உள்ளே இருப்பது பொம்மைக் காரில் இருக்கும் அதே சாதாரண டிசி மோட்டார்தான். அச்சு நுனியில் அரைவட்டமாக ஓர் உலோகத் துண்டு மாட்டியிருக்கும். முழு வட்டமாக இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு பக்கம் மட்டும் கனமாக இருப்பதால், சுற்றச் சுற்ற அது மோட்டாரையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். வாஷிங் மெஷினில் போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் மெஷினே நடக்கத் தொடங்குமே, அதே சங்கதி. இழுக்கும் விசை எடையைப் பொறுத்தது, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. இந்த மோட்டாரின் குணமும் குறையும் இதிலேயே இருக்கின்றன. வேகத்தைக் குறைத்தால் அதிர்வு மெலிவதோடு சுருதியும் இறங்கிவிடும். பலம் ஒன்று, சுருதி ஒன்று என்று தனித்தனியாகத் திருக முடியாது.

சனிக்கிழமை மதியம் பிரித்தேன். பின்பக்கம் நாலு பிளஸ் திருகு. சின்ன டிரைவர் வேண்டும். பெரியதைப் போட்டு அழுத்தினால் தலை வழுக்கி, அப்புறம் அதுவே ஒரு தனி வேலையாகிவிடும். மூடியைப் பிளக்கப் பழைய ஏடிஎம் கார்டைப் பயன்படுத்தினேன். இரண்டு பக்கமும் ட்ரிகருக்குப் பக்கத்தில் கொக்கிகள் உண்டு, அங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூடி திறந்ததும் அப்படியே தூக்கிவிடக் கூடாது. சார்ஜ் ஏற்றும் சின்ன போர்டு பின் மூடியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதிலிருந்து ஒரு ரிப்பன் கேபிள் தாய்ப் போர்டுக்குப் போகிறது. அவசரப்பட்டால் கிழியும். அதைக் கழற்றிய கையோடு பேட்டரியின் பிளக்கையும் உருவிவிட்டேன். 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி. மோட்டார் ஒயரில் சால்டரிங் அயர்ன் வைக்கும்போது இது இணைப்பில் இருக்கவே கூடாது.

அடுத்து நான் பார்த்தது தப்பான மோட்டாரை. கன்ட்ரோலரைக் கவிழ்த்துப் போட்டால் இடது கை வலது பக்கம் வந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நல்ல மோட்டாரை இரண்டு நிமிடம் விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்து, எடை உறுதியாகத்தானே இருக்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். எந்த மோட்டாரின் எடை பெரியதோ அதுதான் இடது. இதை நினைவில் வைத்தால் போதும்.

இடது கைப்பிடியைக் குலுக்கியதும் எடை மேசையில் விழுந்தது. அச்சு மொட்டையாக நின்றது. எடையின் துளையைக் கைக்கண்ணாடியில் பார்த்தால் விளிம்பு லேசாக விரிந்திருந்தது. இறுக்கி அடித்து மாட்டிய துண்டு. படிக்கட்டில் விழுந்த அடியில் நகர்ந்து, அதற்குப் பிறகும் பையன் விளையாடியதில் முழுவதும் கழன்றிருக்க வேண்டும்.

இங்கே நிறுத்தி யோசித்திருந்தால் இந்தப் பதிவு இதோடு முடிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை. அச்சில் எடையை மாட்டி, நுனியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டேன். மோட்டார் மேல்நோக்கி நின்றுகொண்டிருந்தது. அந்தப் பசை தண்ணீர் மாதிரி ஒல்லி. துளை வழியாக இறங்கி, அச்சோடு வழிந்து, நேராகத் தாங்கிக்குள் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் எடை ஒட்டியிருந்தது. அச்சும் சேர்ந்து ஒட்டியிருந்தது. மோட்டார் கல்.

சூப்பர் குளூவை அசிட்டோன் கரைக்கும். அக்காவின் நெயில்பாலிஷ் ரிமூவரை இரவல் வாங்கி மோட்டாரை அதில் ஊறவைத்தேன். அசிட்டோன் பல பிளாஸ்டிக்கையும் கரைக்கும் என்பதும் தெரிந்த விஷயம்தான். மோட்டாரின் பின்மூடி பிளாஸ்டிக். சுற்றும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ்கள் உட்கார்ந்திருப்பது அதில்தான். மாலைக்குள் அச்சு சுற்றியது, பின்மூடி அல்வா மாதிரி ஆகிவிட்டது. எடை மட்டும் சுத்தமாகக் கழன்று கைக்கு வந்தது. அதை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியாது.

திங்கட்கிழமை வேலை முடிந்து ரிச்சி தெருவுக்குப் போனேன். செத்த கன்ட்ரோலர்களிலிருந்து கழற்றிய உதிரிகளை டப்பா டப்பாவாக வைத்திருக்கும் கடைகள் அங்கே உண்டு. “ரம்பிள் மோட்டாரா? ஜோடியாத்தான் தருவேன்” என்றார் கடைக்காரர். எனக்குப் பெரியது மட்டும் போதும் என்றேன். “சின்னதை நான் யாருக்கு விக்கறது?” என்றார். நியாயம்தான். ஜோடியாகவே வாங்கினேன். கன்ட்ரோலர் வகை என்ன, வோல்ட் என்ன, எதுவும் எழுதியிருக்கவில்லை. பெரிய மோட்டாரின் டப்பா அளவு பழையதோடு கச்சிதமாகப் பொருந்தியது. எடை மட்டும் கண்ணுக்கே கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. நல்லதுதானே, இன்னும் பலமாக ஆடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய ஒயர்களைப் போர்டிலிருந்து எடுப்பது நினைத்ததைவிட நேரம் பிடித்தது. தொழிற்சாலையில் வைக்கும் ஈயமில்லாத சால்டர் உருக அதிகச் சூடு கேட்கும். என்னுடைய 25 வாட் அயர்னை அழுத்தி வைத்துக்கொண்டே இருந்தால் செம்புத் தடமே உரிந்து வந்துவிடும். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது: சால்டர் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸைக் கொஞ்சம் தடவி, 60/40 (அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு ஈயம்) ஈயச் சால்டரைப் பழைய பொட்டின் மேலேயே வைத்து உருக்குவது. இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கும். ஒயர் தானாகக் கையோடு வந்துவிடும். புது ஒயர்களை வைக்கும்போது எது பிளஸ் எது மைனஸ் என்று பெரிதாகக் கவலைப்படவில்லை. மாற்றி வைத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அவ்வளவுதான். கைக்கு அது தெரியாது. இருந்தாலும் முன்னால் எடுத்த படத்தைப் பார்த்து அதன்படியே வைத்தேன்.

மூடி, திருகி, எஃப்எஃப்டெஸ்டில் 4 அடித்தேன். உறுமியது. மேசையே உறுமியது. வெற்றி என்று பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

கார் ரேஸ் ஒன்றை ஓட்டினான். ஒரு சுற்று முடித்துவிட்டு, “மாமா, ஆடுது. ஆனா பழைய மாதிரி இல்ல” என்றான். கம்மியா இருக்கா என்று கேட்டேன். “இல்ல, ஜாஸ்தியாத்தான் இருக்கு. ஆனா நிக்க மாட்டேங்குது. ஓரத்துல ஏறினா டர்ருனு வரணும், இறங்கினா டக்குனு நிக்கணும். இது இறங்கின அப்புறமும் ஆடிக்கிட்டே இருக்கு. கார் இன்னும் ஓரத்துலதான் இருக்குனு திருப்பிடறேன்.”

பதினோரு வயதுப் பையன் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை. புதுசு வாங்கிக் கொடுக்காமல் இருப்பதற்கான சாக்கை உடைக்கப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். அன்று இரவு நானே ஓட்டிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ரேஸ் தடத்தின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக மேடுபள்ளம் இருக்குமே, அதில் சக்கரம் ஏறினால் தனித்தனியாகக் குலுங்க வேண்டும். இங்கே எல்லாம் ஒரே கூழாக வந்தது.

கூழா இல்லையா என்று கையால் மட்டும் முடிவு செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. பைத்தானில் எவ்டெவ் என்ற நூலகம் இருக்கிறது. அதில் கனமான மோட்டாருக்கு 0 முதல் 65535 வரை ஓர் எண்ணும், எத்தனை மில்லி விநாடி ஓட வேண்டும் என்றும் கொடுக்கலாம். பதினைந்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். 100 மில்லி விநாடி ஓடு, 100 மில்லி விநாடி நில். இப்படிப் பத்து முறை. கேட்டது பத்து அடி. கைக்கு வந்தது ஒரே நீண்ட உறுமல், நடுவில் லேசான ஏற்ற இறக்கம். இடைவெளியை 300 மில்லி விநாடியாக ஆக்கியபோதுதான் அடிகள் பிரிந்து தெரிந்தன. ஓடும் நேரத்தை 40 ஆகக் குறைத்தால் மோட்டார் முனகிவிட்டு அடங்கியது. எடையை எழுப்பவே அந்த நேரம் போதவில்லை.

நண்பன் வீட்டில் இன்னொரு டூயல்ஷாக் 4 இருந்தது, பிரிக்கப்படாதது. அதை இரவல் வாங்கி அதே நிரலை ஓட்டினேன். 100-க்கு 100 வைத்தபோதே பத்து அடியையும் எண்ண முடிந்தது. டக் டக் டக் என்று சுத்தமாக வந்தது என்று சொல்ல மாட்டேன்; ஓரம் மழுங்கித்தான் இருந்தது. ஆனால் எண்ண முடிந்தது.

அப்போதுதான் புரிந்தது. அகலமான எடை அதிகமாக ஆட்டுகிறது, சரி. ஆனால் அதைச் சுற்றவைக்கவும் அதிக நேரம் வேண்டும், நிற்கவும் அதிக நேரம் வேண்டும். தேரை இழுப்பது கஷ்டம், நிறுத்துவது அதைவிடக் கஷ்டம்; கட்டை போடாமல் நிற்காது. மின்சாரத்தை நிறுத்தினாலும் எடை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த மிச்ச ஓட்டத்தைத்தான் பையன் “நிக்க மாட்டேங்குது” என்றான்.

கட்டை போடுவதற்கு மின்சாரத்தில் வழி உண்டு. ஜோடியில் மிச்சமிருந்த சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டேன். ஒரு ஏஏ பேட்டரியில் தொட்டுச் சுற்றவிட்டு ஒயர்களை எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். அதே மாதிரி சுற்றவிட்டு, எடுத்த உடனே இரண்டு ஒயர் நுனியையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் சட்டென்று நிற்கும். சுற்றுகிற மோட்டார் தானே ஒரு டைனமோ. நுனிகளை இணைத்ததும் அது உண்டாக்கும் மின்சாரம் அதன் வழியாகவே ஓடி, அதையே பிடித்து நிறுத்துகிறது. இதைப் பையனுக்குச் செய்துகாட்டினேன். அவன் அரைமணி நேரம் அதையே செய்துகொண்டிருந்தான், பேட்டரி தீரும்வரை.

இன்னும் ஒரு படி மேலே போகலாம்: நிறுத்தும்போது மின்சாரத்தைத் திருப்பிக் கொடுப்பது. இதற்கான சில்லு ஒன்று என் டப்பாவில் இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஆர்வி2605எல். கைபேசி அளவு அதிர்வு மோட்டார்களுக்காகச் செய்யப்பட்டது. கன்ட்ரோலரின் பெரிய மோட்டாரை இதில் மாட்டத் துணியவில்லை, சின்னதை மட்டும் அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் போர்டு வழியாக மாட்டினேன். முதலில் ஆட்டோ கேலிப்ரேஷன் ஓட்ட வேண்டும்; அந்த மோட்டாரின் குணத்தைச் சில்லே அளந்து வைத்துக்கொள்ளும். பிறகு தொடங்கும்போது தேவைக்கு மேல் வோல்ட் கொடுத்து உதைத்துவிடும், முடிக்கும்போது எதிர்த்திசையில் கொடுத்துப் பிடிக்கும். எப்போது பிடியை விட வேண்டும் என்பதையும் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்னழுத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளும். சில்லுக்குள் 123 அதிர்வுகள் எழுதிவைக்கப்பட்டுள்ளன. முதலாவது, பலமான ஒரு கிளிக். அதை ஓட்டினேன். செத்த கன்ட்ரோலரிலிருந்து வந்த, பேர் ஊர் தெரியாத மோட்டார், பேனா மூடியைத் திறந்தது போல ஒரு கிளிக் கொடுத்தது. மோட்டார் அதேதான், அதை எழுப்பி நிறுத்தும் விதம் மட்டும்தான் மாறியிருந்தது.

அந்த 123 அதிர்வுகளும் இம்மர்ஷன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் உரிமத்தில் வந்தவை. கேம் கன்ட்ரோலர் வரலாற்றில் அந்தப் பெயருக்குத் தனி இடம் உண்டு. 2002-இல் அதிர்வுக் காப்புரிமைக்காக சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குப் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் 2003-இல் சமரசம் செய்துகொண்டது. சோனி வழக்காடித் தோற்றது, 2004-இல் 8.2 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2006-இல் பிளேஸ்டேஷன் 3 வெளியானபோது அதனுடன் வந்த சிக்ஸ்ஆக்சிஸ் கன்ட்ரோலரில் அதிர்வு மோட்டாரே கிடையாது. அசைவு உணரியும் அதிர்வும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று காரணம் சொன்னார்கள். 2007-இல் இரு தரப்பும் சமரசமானது, அதே வருடக் கடைசியில் அசைவு உணரியும் அதிர்வும் சேர்ந்தே இருந்த டூயல்ஷாக் 3 வந்தது. வாசகர்கள் தாங்களே முடிவுக்கு வரலாம். சிக்ஸ்ஆக்சிஸை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். காலி சோப்பு டப்பா மாதிரி கனமே இல்லாமல் இருந்தது.

சுற்றும் எடையின் இந்தச் சோம்பல்தான் புதிய கன்ட்ரோலர்களில் மோட்டாரையே மாற்றவைத்தது. 2017-இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்கான் கன்ட்ரோலரில் வந்தது சுற்றாத வகை: ஸ்பிரிங்கில் தொங்கும் ஓர் எடையைக் காந்தச் சுருள் முன்னும் பின்னும் உதைக்கும். 2020-இல் பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் இருப்பது ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் சுருள் போன்றது. ஒலி அலையைப் போலவே அதற்கு அதிர்வு அலையை அனுப்பலாம், பலமும் சுருதியும் தனித்தனி. நம் விரல் தோலுக்கு 250 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 250 தடவை) பக்கத்து அதிர்வுதான் மிக நன்றாகத் தெரியும். பெரிய எடையைச் சுற்றும் மோட்டார் அந்த உயரத்துக்குப் போவதே இல்லை. டூயல்சென்ஸில் மழைத்துளி விழுவது போல ஒரு காட்சி வந்தபோது நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஆனால் பழைய மோட்டாரின் அந்த வயிற்றை ஆட்டும் உறுமல் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. இது என் கையின் தீர்ப்பு. உங்கள் கை வேறு சொல்லலாம்.

சரி, நம் டூயல்ஷாக்குக்கு வருவோம். போர்டில் பிரேக் போடும் மின்சுற்று எதையும் புகுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. உள்ளே இடமும் இல்லை. ஆனால் தீப்பெட்டிக்குள் பழைய எடை இருந்தது. புது மோட்டார், பழைய எடை. இரண்டு அச்சையும் வெர்னியரில் அளந்தேன், ஒரே தடிமன்.

புது மோட்டாரின் அகல எடையைக் கழற்ற, ரிமோட் விமானம் பறக்கவிடும் நண்பனிடம் பினியன் புல்லர் வாங்கி வந்தேன். சின்னக் கவ்வி, நடுவில் ஒரு திருகு. திருகினால் அச்சை உள்ளே தள்ளி எடையை வெளியே இழுக்கும். பிளையரால் பிடித்து இழுத்தால் வராது என்று இல்லை, ஆனால் அச்சு வளையும், வளைந்த அச்சு சத்தம் போட்டே பிரஷ்ஷைத் தின்றுவிடும்.

மாட்டுவதுதான் நுணுக்கமான இடம். பழைய எடையின் துளை விரிந்திருந்தது, அப்படியே மாட்டினால் மறுபடி கழலும். பசை பக்கம் இனிப் போவதில்லை என்று முடிவு. துளையைச் சுற்றி மூன்று இடத்தில் சென்டர் பஞ்ச் வைத்து லேசாகத் தட்டினேன். உலோகம் உள்பக்கம் பிதுங்கி துளை ஒரு மயிரிழை இறுகும். பழைய சைக்கிள் கடைகளில் தேய்ந்த துளைக்குச் செய்யும் அதே வைத்தியம். முதல் தட்டு பலமாகிவிட்டது, அச்சு உள்ளேயே போகவில்லை; ஊசி அரத்தால் கொஞ்சம் வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் வைஸில் வைத்து மெதுவாக அழுத்தினேன். அழுத்தும்போது மோட்டாரின் டப்பாவைத் தாங்கக் கூடாது. பின்பக்கம் அச்சின் நுனி தெரியும், அதற்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்துகிற விசையெல்லாம் உள்ளே சுழலியைத் தள்ளி, பிரஷ் உரசும் வளையமான கம்யூட்டேட்டரைப் பிரஷ்ஷோடு மோதவிடும். ஒரு சின்ன ஆணித்தலையை முட்டாக வைத்தேன். எடைக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு தாள் தடிமன் இடைவெளி விட்டு நிறுத்தினேன்.

போர்டில் வைப்பதற்கு முன் ஏஏ பேட்டரியில் ஓடவிட்டு, தடிமனான துணி விரித்த தரையில் இடுப்பு உயரத்திலிருந்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எடை நகரவில்லை. மாடிப்படி அளவுக்குச் சோதிக்க மனசு வரவில்லை.

கன்ட்ரோலருக்குள் வைத்து மூடி, அதே நிரலை ஓட்டினேன். 100-க்கு 100. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். பத்து. நண்பனுடையதை இன்னொரு கையில் வைத்து மாறி மாறி ஓட்டிப் பார்த்தேன். இதில் தொடக்கம் கொஞ்சம் தாமதம் மாதிரி ஒரு தோற்றம். மோட்டார் வேறு, அது அப்படித்தான் இருக்கும். நிற்பதில் வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் பையனிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். நேராக ரேஸுக்குப் போனான். ஓரத்தில் ஏறினான், இறங்கினான். மறுபடி வேண்டுமென்றே ஏறினான், இறங்கினான். மூன்று சுற்று ஒன்றுமே சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“எப்படிடா இருக்கு?”

“லெஃப்ட் ஓகே மாமா” என்றான் கண்ணை எடுக்காமல். “ரைட்டுதான் இப்ப கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி இருக்கு.”

இரவு எஃப்எஃப்டெஸ்டில் 5 அடித்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் சின்ன மோட்டாரைப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். அகலமான எடை அதே தீப்பெட்டிக்குள்.